முப்பத்தேழாம் பக்கம்

நான்காவது கருத்துக்கேட்புக் கூட்டத்தில்தான் மீட்டர்காரர் அதைச் சொன்னார். சொன்ன அன்று ஊரே சிரித்தது.

மின்சாரத் துறையில் இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவர் அவர். ஓய்வு பெற்றதும் அப்பா விட்டுப்போன ஆற்றோர நிலத்தில் இறங்கி மக்காச்சோளமும் வெங்காயமும் போட்டார். அவருடைய பேச்சில் எப்போதும் கொஞ்சம் குசும்பு இருக்கும். கடுப்பாக இருந்தால் கடுப்பைக் காட்ட மாட்டார், பாராட்டுவார். மழையில் சாலை அடித்துக்கொண்டு போனபோது, நடந்து போனால் உடம்புக்கு நல்லது என்று காண்ட்ராக்டர் நினைத்திருக்கிறார், தங்கமான மனுஷன் என்றார். ஊருக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். கூட்டம் என்றால் அவரைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள்.

திட்டம் இதுதான். ஆற்றின் இரு கரையிலும் இருநூறு மீட்டர் அகலத்துக்குப் பாதுகாப்பு மண்டலம். நிலம் அவரவர் பெயரிலேயே இருக்கும், வரியையும் அவரவரே கட்ட வேண்டும். ஆனால் விற்கவோ, வீடு கட்டவோ, கிணறு ஆழப்படுத்தவோ, சொந்த மரத்தை வெட்டவோ ஒரு குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருப்பார்கள், அது எங்கே உட்காரும், எத்தனை நாளில் பதில் சொல்லும் என்று எதுவும் வரைவில் இல்லை.

முதல் கூட்டத்துக்கு அதிகாரி மூன்று மணி நேரம் தாமதமாக வந்து, ஆற்றின் பெருமையைப் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவர் வேறு ஆள். முதல் கூட்டம் நடந்ததே அவருக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்றாவது கூட்டத்தில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். முழுத் திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி என்று அதில் மூன்று கட்டங்கள். பால்காரர் பேனாவால் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் டிக் போட்டுக் கொடுத்தார். அந்தப் படிவம் செல்லாது என்று தள்ளிவிட்டதாகப் பின்னால் தெரிந்தது.

மீட்டர்காரரின் தம்பி லாரி மெக்கானிக். பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறையில் பெண்டாட்டியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தான். அண்ணன் நிலத்தை ஒட்டி இருந்த தன் பங்கில் வீடு கட்டுவதற்காக அஸ்திவாரம் போட்டு, முழங்கால் உயரத்துக்குச் சுவரும் எழுப்பியிருந்தான். முதல் கூட்டம் நடந்த மறு வாரம், திட்டம் முடிவாகும்வரை கட்டக் கூடாது என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். கல்லும் மணலும் வெயிலில் கிடந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவன் பட்டறையை மூடிவிட்டுத்தான் வந்தான்.

நான்காவது கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பெரியவர்கள் எல்லாரும் முட்டி மடக்கிக் குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் லேப்டாப்போடு குறிப்பெடுக்கும் பெண். உங்கள் உரிமையை யாரும் எடுக்கவில்லை, நெறிப்படுத்துகிறோம், அவ்வளவுதான் என்றார் அதிகாரி. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹாலில் ஒரு முனகல் எழுந்தது. மைக் கைமாறி மீட்டர்காரரிடம் வந்தது.

"ரொம்ப நல்ல திட்டம் மேடம்" என்று ஆரம்பித்தார். "நிலம் என் பேர்லயே இருக்கும். வரி நான் கட்டுவேன். ஆனா உள்ள ஒரு மரத்தைத் தொடணும்னா உங்களைக் கேக்கணும். இதைவிட எங்களுக்கு வேற என்ன வேணும்? உடனே ஆரம்பிச்சிடுங்க."

பெஞ்சுகள் ஆடும்படி சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி அண்ணன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். அதிகாரியும் லேசாகச் சிரித்தார். குறிப்பெடுக்கும் பெண் மட்டும் தலை தூக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். விவசாயிகள் சங்கத்துக் கிளார்க் ஒரு பிரதியை விதைக்கடைக்கு எடுத்துவந்து சத்தமாக வாசித்தார். முப்பத்தேழாம் பக்கத்தில், மக்கள் ஆதரவு என்ற தலைப்புக்குக் கீழே, ஆற்றோர நில உரிமையாளரும் முன்னாள் அரசு ஊழியருமான ஒருவர் இது மிகவும் நல்ல திட்டம் என்றும், இதைவிட வேறெதுவும் தங்களுக்கு வேண்டியதில்லை என்றும் கூறி, உடனே தொடங்குமாறு கேட்டுக்கொண்டார் என்று இருந்தது. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருந்தவர்களில் முன்னாள் அரசு ஊழியர் ஒரே ஒருவர்தான். அவர் அப்போது கடைக்குள்தான் வெங்காய விதை வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

யாராவது சிரிப்பார்கள் என்று மீட்டர்காரர் எதிர்பார்த்தார். கிளார்க் பக்கத்தைப் புரட்டிக் கடைசியில் இருந்த வரைபடத்தைப் பிரித்தார். மண்டலத்தின் எல்லைக் கோடு ஆற்றோடு நேராக வந்து, ஓரிடத்தில் மட்டும் ஆற்றுப் பக்கமாக உள்ளே வளைந்து, மறுபடி நேராகப் போனது. வளைந்த இடத்தில் இருந்தது மீட்டர்காரரின் கிணறு. கிணறும் அதைச் சுற்றி அரை ஏக்கரும் மண்டலத்துக்கு வெளியே நின்றன. தம்பியின் அஸ்திவாரம் உள்ளே.

ஏன் வளைந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். விதைக்கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டி, அவர் முன்னால் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார்.

மறுநாள் காலை வாசலில் பால் பாத்திரம் நிரம்பியிருந்தது. ஆனால் பால்காரர் வழக்கமாக அடிக்கும் சைக்கிள் மணி கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தம்பி வந்தான். உட்காரவில்லை. கையில் இருந்த கிரீஸைக் கூடத் துடைக்காமல் வந்திருந்தான்.

"நீ சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு உனக்குத் தெரியாதா? பக்கத்துல உக்காந்து நீயும்தானே சிரிச்ச."

"சிரிச்சேன். எழுத்துல படிச்சா சிரிப்பு வரல. கோடு எப்படி உன் கிணத்துகிட்ட மட்டும் வளைஞ்சுது?"

"எனக்குத் தெரியாதுடா."

"உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வரைஞ்சவனுக்கு மட்டும் உன் கிணறு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். மீட்டர்காரரின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

அந்த வாரமே அவர் பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனார். இரண்டு மாடி ஏறி, மூன்று மேசை மாறி, கடைசியில் குறிப்பெடுத்த அதே பெண்ணைக் கண்டுபிடித்தார். இருபத்தைந்து வயதிருக்கும். அரசு ஊழியர் இல்லை, ஏதோ ஒரு கம்பெனி மூலம் வந்தவள். மரியாதையாக நாற்காலி போட்டுக் கொடுத்தாள். அவர் வந்த விஷயத்தைச் சொன்னதும், ஒலிப்பதிவு இருக்கிறது, கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

தன் குரலை அவர் அதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. மைக் நேராக வாயருகே இருந்ததால் குரல் மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது. சிரிப்பு, எங்கோ பக்கத்துத் தெருவில் இரைச்சல் கேட்பது போலத்தான் இருந்தது. ரொம்ப நல்ல திட்டம் மேடம் என்று நிதானமாக, அழுத்தமாக ஒரு மனிதன் சொன்னான்.

"இது நீங்க சொன்னதுதானே சார்?" என்றாள் அந்தப் பெண்.

"நான்தான். ஆனா நடுவுல ஒண்ணு சொன்னேனே. வரி நான் கட்டணும், மரத்தைத் தொட உங்களைக் கேக்கணும்னு. அது எங்கம்மா போச்சு?"

அவள் அறிக்கையைப் புரட்டி எழுபதாம் பக்கத்தைக் காட்டினாள். அங்கே, விளக்கங்கள் என்ற தலைப்புக்குக் கீழே, வரி மற்றும் அனுமதி நடைமுறை குறித்து ஒருவர் விளக்கம் கோரினார் என்று இருந்தது.

"ஒவ்வொரு வாக்கியத்தையும் அதது தலைப்புல பிரிச்சுப் போடணும் சார். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. எதையும் விடல."

அவள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கோபப்பட வந்தவருக்கு அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. திருத்த முடியுமா என்று கேட்டார். அறிக்கை அலுவலகப் பலகையில் ஒட்டிய பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றாள். அது ஊருக்கு வந்து சேர்ந்ததே இருபத்திரண்டாம் நாள். அந்த வளைவு எதனால் என்று கேட்டதற்கு, அது வேறு பிரிவு என்றாள். அந்தப் பிரிவில் கேட்டார். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் மேகமோ நிழலோ இருந்திருக்கலாம், நல்லதுதானே நடந்திருக்கிறது, எதற்குக் கவலைப்படுகிறீர்கள் என்றார் அங்கிருந்தவர்.

ஐந்தாவது கூட்டம் இரண்டு மாதம் கழித்து. இந்த முறை மீட்டர்காரரின் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, நேராப் பேசிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். ஒரு முழுத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. தம்பி எதிர் ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்றான்.

மைக்கை அவரிடம் கொடுக்கவே யோசித்தார்கள். வாங்கி, தாளைப் பிரித்து வாசித்தார். நான் இந்தத் திட்டத்தை எதிர்க்கிறேன், இதற்கு முன் நான் ஆதரித்ததாக எழுதியிருப்பது தவறு என்ற இரண்டு வரிக்குள் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். இந்த முறை புது ஆள்.

"ஐயா, திட்டம் போன கட்டத்துலயே முடிவாயிடுச்சு. இன்னிக்கு எல்லைக்கல் எங்க நடறதுங்கறது மட்டும்தான். கல்லைப் பத்தி ஏதாவது இருந்தா சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒரு குரல், உடனே ஆரம்பிக்கச் சொல்லுங்க என்றது. சிலர் சிரித்தார்கள். போன தடவை சிரித்த சிரிப்பு இல்லை அது. மீட்டர்காரர் தாளை மடித்தார். எதிர் சுவரில் இருந்த தம்பியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னது அந்தத் தாளில் இல்லை.

"அப்ப கல்லைப் பத்தியே சொல்றேன். அந்தக் கோட்டை நேராக்குங்க. என் கிணத்தையும் உள்ள சேத்துக்கோங்க."

அதிகாரி, நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். இப்போது விளையாட்டாகப் பேசவில்லை என்றார் மீட்டர்காரர். அப்படியானால் இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாள் மேடையிலிருந்து இறங்கி வந்தது. அவர் குனிந்து கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது தம்பி அங்கே இல்லை. எப்போது போனான், தான் சொன்னதைக் கேட்டானா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஐந்து கூட்டங்களில் ஊர் கேட்டது எத்தனையோ. அரசு நிறைவேற்றிக் கொடுத்தது இந்த ஒன்றைத்தான். பதினோரு நாளில் உத்தரவு வந்தது. நில உரிமையாளரின் சொந்த விருப்பத்தின் பேரில் எல்லை திருத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. பன்னிரண்டாம் நாள் சர்வேயர் வந்து கிணற்றுக்கு அந்தப் பக்கம் குழி தோண்டி, மஞ்சள் வண்ணம் பூசிய சிமெண்ட் கல் ஒன்றை நட்டார்.

இதற்குப் பிறகாவது ஊர் மனசு மாறும் என்று அவர் நினைத்திருந்தார். மாறவில்லை. சும்மா ஒருத்தன் தன் கிணற்றைத் தூக்கிக் கொடுப்பானா, வேறு எங்கோ இவருக்கு ஏதோ கிடைத்திருக்கிறது என்று விதைக்கடையில் பேசிக்கொண்டதாக மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அவள் அழுதாள். அந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. ஆழப்படுத்த அனுமதி கேட்டு மனுக் கொடுத்தார். குழு இன்னும் அமைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. வெங்காயம் பாதியிலேயே காய்ந்தது.

தம்பி பட்டறையைக் காலி செய்கிறான் என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை வந்தது. நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தான். நிலத்தை விற்க வழியில்லாததால் அப்படியே போட்டுவிட்டுப் போகிறான்.

மறுநாள் மத்தியானம் தம்பியின் பெண்டாட்டி வந்தாள். அவள் மீட்டர்காரரை மாமா என்று கூப்பிடுவாள். வாசலிலேயே நின்று, இரவல் வாங்கிப் போயிருந்த இட்டிலிப் பானையைத் தன் ஓரகத்தியிடம் கொடுத்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வேலை கிடக்கிறது என்றாள். ஆனால் உடனே போகவும் இல்லை.

"மாமா, நீங்க மனசாரச் சொல்லலன்னு அவருக்குத் தெரியும். ஆரம்பத்துலேருந்தே தெரியும்."

மீட்டர்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் ஏம்மா?"

"யாரையாவது திட்டணுமில்ல மாமா. அந்த ஆபீசருங்க ஒவ்வொரு தடவையும் வேற ஆளா வர்றாங்க. யாரைன்னு போய் அவரு திட்டுவாரு? நீங்கதான் கைக்கெட்டுற தூரத்துல இருந்தீங்க."

அவள் போன பிறகும் அவர் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை காலை பட்டறை வாசலில் லாரி நின்றது. கூப்பிடாமலேயே போனார். பாத்திர மூட்டைகளும் டூல்ஸ் பெட்டிகளும் ஏறியிருந்தன. பெண் பிள்ளைகள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். பெரிய இரும்பு பீரோ மட்டும் தரையில் கிடந்தது. தம்பி அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருந்தான். டிரைவர் வண்டியின் பின்பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மீட்டர்காரர் குனிந்து மறுமுனையைப் பிடித்தார். தம்பி ஒரு கணம் கையை எடுக்கப் போனான். எடுக்கவில்லை. இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். எதிரெதிரே நின்றும் தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் பீரோவின் கதவையே பார்த்துக்கொண்டு நடந்தான். லாரியின் விளிம்பில் ஏற்றும்போது பீரோ ஒரு பக்கம் சாய்ந்தது.

"மெதுவா" என்றான்.

நாலு மாதத்தில் அவன் வாயிலிருந்து அவர் கேட்ட ஒரே சொல் அதுதான். அதைத் தன்னிடம் சொன்னானா, பின்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம் சொன்னானா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. பீரோவை உள்ளே தள்ளிவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். டிரைவர் பின்பலகையைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். லாரி கிளம்பியது.