எதையும் மாற்றாத வேன்

நான் வாங்கிய, உள்ளேயே குடியிருக்கும்படி கட்டிய பழைய வேனின் அசல் உட்புறத்தில் தேக்கு அலமாரி, பச்சை ரெக்ஸின் இருக்கைகள், மண்ணெண்ணெய் அடுப்பு, சபாபதி, அவர் மனைவி அன்னலட்சுமி அம்மாள் ஆகியவை இருந்தன. வண்டி கட்டிய காலத்திலிருந்து அவர்கள் இருவரும் மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் விலை. "ஒரு திருகாணிகூட மாத்தலைங்க. நீங்களும் மாத்திராதீங்க, மதிப்பு போயிரும்," என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

ஒருமுறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டபோது சபாபதிக்கு இருமல் வந்துவிட்டது. பழைய திரையைத் துவைத்து மாட்டியதும் நின்றது. அதற்குப் பிறகு துடைப்பது, ஒட்டுவது, பாலிஷ் போடுவது என்பதோடு சரி. பின்ஜன்னலுக்கு வெளியே துருப்பிடித்த கொக்கி ஒன்றும் அதில் நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்றும் தொங்கின. அவற்றையும் பளபளவென்று தேய்த்து வைத்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

கோவையில் நடக்கவிருந்த பழைய வண்டிக் கண்காட்சியில் முதல் பரிசை அடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வயரிங் செய்ய மாசிலாமணியை அழைத்தேன். ஐ.டி.ஐ.யில் நாங்கள் ஒரே பெஞ்சு.

"ஏன்டா, பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய வண்டிய வாங்கிட்டு வந்து பாலிஷ் போட்டுட்டு இருக்கே?" என்று சிரித்துக்கொண்டே ஏறினான்.

வேலை முக்கால்வாசி முடிந்தபோது அன்னலட்சுமி அம்மாள் காபி கலந்தார். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார். பிறகு அவனைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்றார். சொன்னான். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னான்.

அம்மாள் முகம் சுளிக்கவில்லை. பின்ஜன்னல் வழியே கையை நீட்டிக் கொக்கியிலிருந்த டம்ளரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். எட்ட இருந்து உயரத் தூக்கி ஊற்றினார். "வெளிய அந்தப் பக்கமா போய் குடிச்சுக்கப்பா. குடிச்சதும் கழுவி மாட்டிரு," என்று அன்பாகவே சொன்னார்.

மாசிலாமணி என்னைப் பார்த்தான். நான் என் டம்ளரைப் பார்த்தேன். காபி நன்றாக இருந்தது, முழுவதும் குடித்தேன். நான் தேய்த்திருந்த தேய்ப்பில் அந்த அலுமினிய டம்ளர்தான் வண்டியிலேயே அதிகமாக மின்னியது.

அவன் காபியைத் தொடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கினான். "இன்னும் ரெண்டு லைட்டுதான். வெளியில இருந்தே முடிச்சுக் குடுத்துடறேன், சார்," என்றான்.

அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லை அவன் திரும்ப எடுத்துக்கொள்ள என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கொக்கியைக் கழற்றிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். "கழட்டிட்டேன்டா," என்றேன். "சரிங்க சார்," என்றான். பின்னால் சபாபதி இருமிக்கொண்டிருந்தார். "தம்பி, ஏதோ ஒண்ணு குறையுதுங்களே," என்றார் அம்மாள்.

அவர் இருமட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கண்காட்சிக்குக் கிளம்பும் காலையில், இந்த இருமலோடு நடுவர் முன்னால் எப்படி வண்டியை நிறுத்துவது என்று தோன்றிவிட்டது. கொக்கியைப் பழைய துளையிலேயே முறுக்கினேன். இருமல் நின்றது. எனக்கு என் கையைப் பார்க்கவே கூசியது.

நடுவர் ஒரு பெண்மணி. கையில் சிறு சுத்தியல் வைத்திருந்தார். அலமாரியைத் தட்டினார், கொக்கியைத் தட்டினார், சபாபதியின் முழங்காலைத் தட்டினார். ஒவ்வொன்றிலும் 'அசல்' என்று மஞ்சள் அட்டை கட்டினார். கடைசியில் என் நெஞ்சில் தட்டினார். நல்ல தேக்குச் சத்தம் கேட்டது.

"இதுவும் வண்டியோட வந்ததுதான்," என்று என் மணிக்கட்டில் ஓர் அட்டையைக் கட்டிவிட்டு, அம்மாளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். ரெக்ஸினில் என் அளவுக்கு ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தது.

முதல் பரிசு எங்களுக்குத்தான்.

மாலையில் மாசிலாமணி தன் மனைவியோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான். கயிற்றுக்கு அப்பால் நின்று பின்ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். 'டேய்' என்று கூப்பிடப் பார்த்தேன். வாய் அசையவில்லை.

"யாருங்க இது?" என்று அவன் மனைவி கேட்டாள்.

அவன் என் அட்டையை நிதானமாகப் படித்தான். "வண்டியோட வந்ததாம். அப்படியே வெச்சிருக்காங்க," என்றான்.

அன்னலட்சுமி அம்மாள் எனக்குக் காபி நீட்டினார். சூடு சரியாக இருந்தது.