அத்தானின் தொப்புள்

அந்த மருத்துவமனையில் வயிற்றுக்குள் எப்படி நுழைவது என்பதில் இரண்டு கட்சிகள் இருந்தன. துளை வழி அறுவை சிகிச்சையில் கேமராவை உள்ளே விட முதல் துளை ஒன்று போட்டாக வேண்டும். ஆபத்தே அங்கேதான். தோலுக்கு அடியில் குடலும் ரத்தக்குழாய்களும் காத்திருக்கின்றன.

தலைமை சர்ஜன் ஊசிக் கட்சி. தொப்புளருகே ஊசியைக் குத்தி, வாயு ஏற்றி, வயிறு பந்தாக உப்பிய பிறகே குழாயை இறக்குவார். அவருடைய மச்சானான இளைய சர்ஜன் கண்ணாடிக் குழாய்க் கட்சி. குழாய்க்குள்ளேயே கேமரா இருக்கும். சதை விலகுவதைத் திரையில் பார்த்தபடி உள்ளே போகலாம். தொப்புளுக்குக் கீழே கொஞ்சம் வெட்டி, நேராகக் கண்ணால் பார்த்து நுழையும் பழைய வழியும் உண்டு. அதைத் தையல்காரர் வேலை என்று ஒதுக்குவதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒருவருக்கு மனைவி, மற்றவருக்கு அக்கா. ஆபரேஷன் தியேட்டரில் கேட்ட சண்டையையே வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ரவுண்ட்ஸ் போன தலைமை சர்ஜன் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பித்தப்பையில் கல். மச்சான்தான் ஆபரேஷன் செய்வது என்று முடிவாயிற்று.

மேசையில் படுத்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, ஊசி வேண்டாம். உன் குழாயையே போடு."

"ஏன் அத்தான்?"

"ஊசி என் கைக்குப் பழகினது. உன் கைக்குப் பழகலையே."

"உங்களுக்கு ஊசிதான்னு முடிவு பண்ணிட்டேன். ஏதாவது ஆச்சுன்னா, உங்க முறைதானேன்னு சொல்லிக்கலாம்."

"யார்கிட்ட சொல்லிக்குவ?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள் சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடை மேடையா உன் குழாயைப் புகழ்ந்தியே?"

"அது மத்தவங்க வயிறு, அத்தான்."

"ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?" என்றாள் அவள்.

முடிக்கவில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கண் செருகிவிட்டது.

"வெட்டி, பாத்து, உள்ள போ," என்றாள் தம்பியிடம். "எனக்கு இந்த ஆளு முழுசா வேணும்."

அவன் கத்தியைக் கையில் எடுத்தான். தையல்காரரைப் போலவே பொறுமையாக வெட்டினான்.

கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுல போன?"

"உங்க ஊசிதான், அத்தான்," என்று கூசாமல் சொன்னான் மச்சான்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஊசியின் பெருமையைப் பேசினார். கட்டுப் பிரித்த அன்று குளியலறைக் கண்ணாடியில் தழும்பைப் பார்த்தார். ஊசி இவ்வளவு நீளத் தழும்பு வைக்காது என்பது அவருக்குத் தெரியாதா? சட்டையை இறக்கிவிட்டு வெளியே வந்தார்.

வேலைக்குத் திரும்பிய பிறகு அவர் கைக்கு நர்ஸ் ஊசியை நீட்டினாள். "சின்னக் கத்தி குடும்மா," என்றார். பக்கத்துத் தியேட்டரில் மச்சானும் கொஞ்ச நாளாகக் கத்திதான் கேட்கிறானாம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஊசியா குழாயா என்று இருவரும் தொண்டை கட்டும்வரை மோதினார்கள். டாக்டரம்மா நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.