பத்துக்கு மூன்று

ரெஜிலா அந்த விளையாட்டுக்குப் பத்துக்கு மூன்று கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் விளையாடினாள். ஒரு மணி நேரத்தில் விமர்சனத்தை எழுதி முடித்து, சாயங்காலம் சபையில் பாடகர் குழுவின் ஒத்திகைக்குக் கிளம்பும் முன்னே அனுப்பியும் விட்டாள்.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகம் அவள் பொறுப்பில் இருந்தது. வயது முப்பத்திநான்கு. ஆறு வருடமாக ஒரு தமிழ் இணையதளத்தில் வீடியோ கேம் விமர்சனம் எழுதி வந்தாள். தளத்தை நடத்தியவர் சுயம்புராஜ், சென்னையில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர். படிக்கிறவர்களில் பாதிப்பேர் விமர்சனத்தைப் படிக்காமல் கடைசியில் இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ரெஜிலாவின் எண்ணுக்கு மதிப்பு இருந்தது. எல்லோரும் ஒன்பது கொடுத்த ஒரு பெரிய வெளிநாட்டு விளையாட்டுக்கு அவள் ஆறு கொடுத்தாள். முடிக்காத பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எழுதினாள். மூன்று மாதம் கழித்து அந்த நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. அதன்பிறகு அவளை எண் கொடுப்பதில் கஞ்சம் என்று கேலி செய்தவர்களும் அவள் எண் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

இந்த விளையாட்டின் பெயர் ‘கரைக்கு’. யாரோ ஒரே ஆள் செய்து இலவசமாக விட்டிருந்தார். குளச்சலுக்கு நாற்பது மைல் வெளியே, புயலில், ஒரு விசைப்படகு. அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். பாட்டு இல்லை, படிநிலைகள் இல்லை. படகில் நின்ற ஐந்து பேருக்கும் முகம்கூட வரைந்திருக்கவில்லை. சுக்கானைத் திருப்பினால் படகு யோசித்துத் திரும்பியது. அதற்குள் அலை வந்து அடித்தது. பதினோரு தடவை ஓட்டினாள், பதினோரு தடவையும் மூழ்கியது. ஏழாவது தடவை மட்டும் கரைக்கு ஒன்பது மைல் வரை வந்தாள்.

‘விளையாடுகிறவரின் கைக்குக் கொஞ்சமும் மரியாதை தராத விளையாட்டு’ என்று எழுதினாள். நன்றாக வந்த வாக்கியம் என்று அவளுக்கே தோன்றியது. பலர் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள். ஒருவர் அந்தப் படகு மூழ்குவதைச் சினிமாப் பாட்டோடு சேர்த்து வெட்டிப் போட்டார். ரெஜிலாவும் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, கல்லூரி அலுவலகத்திலிருந்து யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கறுப்பு பிரேம் கண்ணாடி. கையில் மடித்த இரண்டு தாள்கள். குளச்சலில் இருந்து வருவதாகவும், பெயர் அபுதாஹிர் என்றும் சொன்னார். தாளை விரித்தபோதுதான் அது தன் விமர்சனத்தின் அச்சுப்பிரதி என்று அவளுக்குத் தெரிந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஆட்கள் இருப்பார்கள்.

அவர் சண்டை போடவில்லை. டீயைத் தொடாமல், ஒரு வரியின்மேல் விரலை வைத்துக் கேட்டார்.

“ஒம்பது மைலு வர வந்தீங்கன்னு எழுதியிருக்கீங்க டீச்சர். அது எப்படி வந்தீங்க?”

அவளுக்குப் புரியவில்லை. விளையாட்டைச் செய்தது தான்தான் என்று சொல்லி, அவரே தொடர்ந்தார். எத்தனை பேர் ஓட்டினார்கள், எத்தனை மைல் வரை வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் இணையம் வழியே அவருக்கு வரும்; அவளைத் தவிர இதுவரை ஓட்டிய யாரும் பதினாறு மைலுக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. அவரே முந்நூறு தடவைக்கு மேல் ஓட்டியிருக்கிறார். அவள் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றாளா, இல்லை தெற்கே விலகிப் போய்ப் பிறகு ஏறினாளா? இஞ்சினை எப்போது குறைத்தாள்? ரெஜிலாவுக்கு எதுவும் நினைவில்லை. பதிவு செய்து வைக்கவும் இல்லை. ஏழாவது தடவை எரிச்சலில் கண்டபடி திருப்பியதுதான் ஞாபகம் இருந்தது. எப்படி ஓட்டினாலும் மூழ்கும்படிதான் செய்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன், காக்கா, என்றாள், குளச்சல் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி.

“அப்படி நான் செய்யல்ல,” என்றார் அவர். “கடலு அண்ணைக்கு எப்படி இருந்துதோ அப்படித்தான் வச்சேன்.”

ஒக்கிப் புயலில் அவர் மகன் ஜுனைத் போனான். இருபத்திமூன்று வயது, படகை ஓட்டியது அவன்தான். கூட நாலு பேர். அன்றைக்கு அபுதாஹிர் ஷார்ஜாவில் இருந்தார். அங்கே ஒரு துறைமுகத்தில், இழுவைப் படகு ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சிமுலேட்டர் இயந்திரத்தைப் பராமரிக்கும் வேலை. காற்றையும் அலையையும் எண்களாக உள்ளே கொடுத்தால் திரையில் கடல் எழும். இருபது வருடம் அதைப் பார்த்தவர், ஊர் திரும்பியதும் அதே மாதிரி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். அன்றைய காற்றின் வேகத்தை மணிவாரியாகத் தேடி எடுத்தார். தப்பி வந்தவர்களின் வீடு வீடாகப் போய்க் கேட்டார். மகனுடைய படகின் நீளம், எடை, இஞ்சின், மிச்சம் இருந்திருக்கக்கூடிய டீசல் எல்லாவற்றையும் உள்ளே போட்டார். நாலரை வருடம் ஆனது.

“எனக்குக் கடலு தெரியாது டீச்சர், மெஷின்தான் தெரியும். நான் ஓட்டினா முங்கத்தான் செய்யும். கொறே பேரு ஓட்டினா எவனாவது ஒருத்தன் கொண்டு வருவான்னு நெனச்சுதான் வெளியே விட்டேன். வழி உண்டா இல்லையான்னு தெரியணும், அவ்வளவுதான்.”

அவள் விமர்சனம் வரும்வரை ஒரு நாளைக்கு நாற்பது பேர் ஓட்டினார்கள். இப்போது இரண்டு, மூன்று. குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. விளையாட்டு என்று பார்த்தால் அது மோசம்தான், நீங்கள் எழுதியதில் தப்பில்லை என்றார். ஆறிப்போன டீயை மரியாதைக்காக ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

அன்று மாலையே ரெஜிலா சுயம்புராஜை அழைத்தாள். அந்த எண்ணை மாற்ற வேண்டும், அல்லது எண்ணே இல்லாமல் ஆக்க வேண்டும் என்றாள். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, செய்தவரைப் பார்த்த பிறகு எண் மாறும் என்றால் மற்ற எண்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். போன வருடம் ஒரு நிறுவனம் மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லி அவரை நெருக்கியபோது, இதே வார்த்தைகளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வேண்டுமானால் தனியாக ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்.

மகனைப் பற்றி எழுதலாமா என்று அபுதாஹிரிடம் கேட்டாள். பேர் போடாமல் எழுதச் சொன்னார். எழுதினாள். அந்தக் கடல் பொய்க்கடல் இல்லை என்றும், அதற்கு எண் போட்டது தன் அவசரம் என்றும், ஓட்டிப் பாருங்கள் என்றும் எழுதினாள்.

பத்து நாளில் பதினோராயிரம் பேர் விளையாட்டை இறக்கிக்கொண்டார்கள். கருத்துப் பகுதி நிறைந்து வழிந்தது. கண்ணீர் வந்துவிட்டது, பத்துக்குப் பத்து. பத்துக்கு நூறு. தமிழனின் முதல் உலகத்தர விளையாட்டு. இவர்களில் பலர் படகை ஒருமுறைகூட நகர்த்தவில்லை என்பது கணக்கைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் ஓட்டியவர்களும் இருந்தார்கள். தினமும் காலையில் அபுதாஹிரிடமிருந்து செய்தி வரும். ‘நேற்று 640 பேர். கரைக்கு ரொம்பப் பக்கம் வந்தது 8 மைல்.’ ‘நேற்று 7 மைல். தூத்துக்குடிக்காரர்.’ ரெஜிலா வகுப்புக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அந்தப் பத்து நாளும் அவள் சந்தோஷமாகவே இருந்தாள்.

பதினோராம் நாள் ஒரு வீடியோ வந்தது. ‘முடியாத கடலை முடித்துக் காட்டினேன்’ என்று தலைப்பு. படகு பதினான்கு நிமிடத்தில் குளச்சல் துறைமுகத்துக்குள் நுழைந்து அலைத்தடுப்புச் சுவரின் ஓரமாகப் போய் நின்றது. ரெஜிலா மதிய இடைவேளையில் அதைப் பார்த்தாள். இரண்டாம் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மழை பெய்தது, வானம் இருண்டிருந்தது, ஆனால் படகின் கொடிமரத்தில் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. விளையாட்டின் கோப்பைத் திறந்து காற்றின் எண்ணைச் சைபராக்கியிருந்தான்.

போட்டவனுக்கு எழுதினாள். சேலத்தில் இருந்து மரியாதையாகவே பதில் எழுதினான். ஏமாற்ற நினைக்கவில்லை, கீழே விளக்கத்தில் எழுதியிருக்கிறேன், பாருங்கள் மேடம், என்றான். எழுதித்தான் இருந்தான், மூன்று தடவை தட்டினால் திறக்கும் இடத்தில். எடுத்துவிடக் கேட்டதற்கு, மூன்று லட்சம் பேர் பார்த்ததை எப்படி எடுப்பது என்று கேட்டான். வீடியோ தளத்துக்குப் புகார் அனுப்பினாள். விதிமீறல் எதுவும் இல்லை என்று சில நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் யாரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

மறுநாள் அபுதாஹிரிடமிருந்து செய்தி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் குளச்சலுக்குப் பஸ் ஏறினாள்.

வீடு பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்தது. அவரே கதவைத் திறந்தார். நாலு நாளில் ஆள் இளைத்த மாதிரி இருந்தார். உள்ளே அவர் மனைவி மைமூன் பீவி தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் போன். கணவர் விளையாட்டைச் செய்த கணினியின் பக்கம் அவர் இத்தனை வருடம் போனதே இல்லை என்று அபுதாஹிர் முன்பே சொல்லியிருந்தார். மகன் மூழ்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற அறை அது என்று அந்தப் பக்கம் திரும்பவும் மாட்டாராம். வீடியோவைக் காட்டியது மைமூன் பீவியின் தங்கை மகள் ஃபாஸிலா. பெரியம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்துக் காட்டியிருக்கிறாள்.

எட்டு வருடமாக மைமூன் பீவிக்கு ஒன்றைத்தான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடலில் யாராக இருந்தாலும் வந்திருக்க முடியாது. உன் பிள்ளை செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சமைத்தார், தொழுதார், கல்யாண வீடுகளுக்குப் போனார். இப்போது, அதே நீலப் படகு, அதே பேர் எழுதிய முகப்பு, கரைக்கு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“வழி இருந்திருக்கு, மோளே,” என்றார் ரெஜிலாவிடம். “யாருமே எங்கிட்ட சொல்லல்ல. எம் மோனுக்கு அந்த வழி தெரியாம போச்சு.”

நாலு நாளாக இதையேதான் சொல்கிறாள், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள் என்றார் அபுதாஹிர். கணவர் ஆறுதலுக்காகப் பொய் சொல்வதாக மைமூன் பீவி நம்பினார். ரெஜிலா பாயில் உட்கார்ந்தாள். போனை வாங்கி, கொடி தொங்குவதைக் காட்டினாள். பிறகு கணினியில் அசல் விளையாட்டை ஓட்டி, அதே கொடி கிழிகிற மாதிரி அடிப்பதைக் காட்டினாள். காற்றை நிறுத்திவிட்டு ஓட்டியிருக்கிறான், உம்மா, இது நிஜமாகக் கொண்டுவந்தது இல்லை என்று மெதுவாக, இரண்டு தடவை விளக்கினாள். பாடம் நடத்திப் பழகியவள் என்பதால் அது தெளிவாகவே இருந்தது.

மைமூன் பீவி கவனமாகக் கேட்டார். அவருக்குப் புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது.

“அப்போ காத்து இருந்தா வராது?”

“இதுவரைக்கும் யாரும் கொண்டு வரல்ல, உம்மா.”

“யாரும் கொண்டு வரல்லியா, கொண்டு வர முடியாதா?”

ரெஜிலா அபுதாஹிரைப் பார்த்தாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். முடியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏழு மைல் வரை வந்த தூத்துக்குடிக்காரர் நினைவுக்கு வந்தார். கண்டபடி திருப்பிய தன் கை நினைவுக்கு வந்தது.

“எனக்குத் தெரியாது, உம்மா,” என்றாள்.

மைமூன் பீவி தலையாட்டினார். கோபம் இல்லை, அழவும் இல்லை. போனைத் திரும்ப வாங்கி, எங்கே தொட்டால் அது ஓடும் என்று கேட்டார். ரெஜிலா தொட்டுக் கொடுத்தாள். பதினான்கு நிமிடமும் யாரும் எழுந்திருக்கவில்லை. படகு துறைமுகத்துக்குள் வரும்போது மைமூன் பீவி சற்று முன்னால் குனிந்தார். அது நின்றதும் மறுபடி அதே இடத்தைத் தொட்டார்.

பஸ் நிறுத்தம் வரை அபுதாஹிர் கூட நடந்தார். தளத்திலிருந்து விளையாட்டை எடுத்துவிட்டதாகச் சொன்னார். இந்த வீட்டில் இனி அது வேண்டாம் என்று அன்று காலையில்தான் முடிவு செய்தாராம்.

“ஆனா எறக்கினவங்க கையில கெடக்குல்லா டீச்சர். காலையிலயும் எழுபது பேரு ஓட்டியிருக்கான். கணக்கு எனக்கு வந்துட்டுதான் இருக்கு. அத நிறுத்த எனக்குத் தெரியல்ல.”

உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். இறக்கியவர்கள் கணினியில் இருப்பதை யாரும் எதுவும் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். கல்லூரியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். தக்கலை பஸ் வந்தது. அவர் கையைக் காட்டி அதை நிறுத்தினார். அவள் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.