நாற்பது பெட்டி மெழுகுவர்த்தி

எங்கள் ஒன்பது பேர் உயிருக்கும் சேர்த்து அன்றைய விலை பத்துப் பவுண்டு. பவுண்டுக்கு இருபது ஷில்லிங் என்றால், ஆளுக்கு இருபத்திரண்டு ஷில்லிங்கும் கொஞ்சம் சில்லறையும் வரும். ஹோகிடிகா என்ற சுரங்க ஊரில் சேறு புகாத ஒரு ஜோடி பூட்ஸ்கூட அதற்குக் கிடைக்காது. விலை வைத்தவர் எலியாஸ் ஸ்ட்ரேக், ஆற்றோரத்தில் பெரிய கடையும் அதைவிடப் பெரிய வயிறும் உள்ளவர். கப்பல் கூலி மெழுகுவர்த்திப் பெட்டிக்கு இரண்டு ஷில்லிங், டைனமைட் பெட்டிக்கு ஏழு. பெட்டியின் மேல் பெயரை மாற்றி எழுத ஒரு கிண்ணம் கறுப்பு மை போதும். நாற்பது பெட்டிக்கு மிச்சம் பத்துப் பவுண்டு. நான் ஏலக்கடைக்காரரின் மகன். ஏல மேஜைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன். லாபத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சரக்கோடு சேர்த்து என்னையும் விற்றுத் தள்ளியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, விலை ரொம்பக் குறைவு என்றுதான் பட்டது.

'ஆர்பெல்லா' இரண்டு பாய்மரம் உள்ள சின்னக் கப்பல். நான் அதன் கணக்கன். டனீடின் துறைமுகத்தில் சரக்கறை நிரம்பிவிட்டதால், ஸ்ட்ரேக்கின் பெட்டிகளைச் சமையல்காரன் ஜேபஸ் டிரெவின் படுக்கும் அறையில் அடுக்கச் சொன்னார் கேப்டன் மேக்னஸ் ஐஸ்பிஸ்டர். மெழுகுவர்த்திதானே. அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் அந்த அறை, குளிருக்கு இதம். ஜேபஸ் பெட்டிகளின் மேல் கம்பளியை விரித்து, இப்படி ஒரு கட்டில் ராணிக்கும் கிடையாது என்று படுத்துக்கொண்டான்.

ஹோகிடிகா ஆற்றின் வாயில் ஒரு மணல்திட்டு உண்டு. கப்பலின் அடிவயிறு அதில் இரண்டு மூன்று முறை 'தொம் தொம்' என்று இடித்துத்தான் உள்ளே போகும். சில கப்பல்கள் போவதில்லை. அவற்றின் விலா எலும்புகள் கரை நெடுக நிற்கின்றன. நீர் ஏறுவதற்காக நாங்கள் வெளியே காத்திருந்த காலையில், ஜேபஸ் தலையைப் பிடித்துக்கொண்டு தளத்துக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. நடக்கத் தெரியாதவன்போல் கயிற்றைப் பிடித்துப் பிடித்து நடந்தான்.

"வாயை ஊதுடா," என்றார் கேப்டன்.

"ஊத மாட்டேன் கேப்டன். பன்னெண்டு வருஷமா இந்த வாய்க்குள்ள டீயும் ஜெபமும் தவிர எதுவும் போகல."

"ஜெபம் குடிச்சா இப்படித் தள்ளாடுமா? குடிகாரன் கைல அடுப்பக் குடுத்துட்டு நான் திட்டைத் தாண்ட மாட்டேன். கரையில எறங்கிடு."

"எறங்கறேன். ஆனா வேலைச் சீட்டுல குடிகாரன்னு எழுதி எறக்காதீங்க. எழுதினா, கடல்ல குதிச்சாவது நீந்தி வந்து அந்தத் தாளைக் கிழிப்பேன்."

அப்போது ஆனர் பாஸ்கோ குறுக்கே வந்தாள். ஹோகிடிகாவில் சுரங்கக்காரர்களுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்துபவள், அந்தப் பயணத்தில் எங்களோடு வந்த ஒரே பெண். அவள் ஜேபஸின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது ரம் தலைவலி இல்ல கேப்டன். என் வீட்டுக்காரருக்குத் திங்கக்கெழமதோறும் வரும். ஞாயித்துக்கெழம லீவு, மறுநாள் சுரங்கத்துல டைனமைட்டைத் தொட்டதும் மண்டை பொளந்துடும். நீ எது மேலப்பா படுத்திருந்த?"

கேப்டன் நடந்தார், ஓடவில்லை. அடுக்களைக்குள் போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பட்டாணி சூப்பை அப்படியே நெருப்பின் மேல் கவிழ்த்தார். பிறகு ஒரு பெட்டியின் மூடியைக் கையாலேயே பெயர்த்தார். உள்ளே பழுப்புக் காகிதத்தில் சுற்றிய குச்சிகள், சூட்டில் வியர்த்துக் கிடந்தன.

இதற்கு லண்டனில் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆபத்தான சரக்கென்றால் பெட்டியின் மேல் உண்மைப் பெயரை எழுத வேண்டும், கேப்டனிடம் சொல்ல வேண்டும். பொய்ப் பெயருக்கு அபராதம் ஐந்நூறு பவுண்டு. சொல்லாமல் ஏற்றியதைக் கேப்டன் கடலில் எறியலாம், எந்தக் கோர்ட்டும் அவரைக் கேட்க முடியாது. நல்ல சட்டம். ஒரே குறை, எறிந்தபின் கடல் சாட்சி சொல்ல வராது. இதை நான் கேப்டனின் காதில் போட்டேன். அவர் ஒரே ஒரு குச்சியைத் தன் கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் கைக்குக் கை மாறி, தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோல் தண்ணீருக்குள் இறங்கியது.

கரையேறிய மறுநாளே ஸ்ட்ரேக்கின் பில் வந்தது. நாற்பது பெட்டி உயர்ந்த ரக மெழுகுவர்த்தி, ஐம்பது பவுண்டு. கட்டாவிட்டால் கோர்ட். 'ஆர்பெல்லா' ஏற்கெனவே பாதி அடமானத்தில் மிதந்துகொண்டிருந்தது. ஐம்பது பவுண்டு என்றால் கப்பலே போய்விடும். சனிக்கிழமை கேப்டன், ஜேபஸ், ஆனர் பாஸ்கோ, நான் என நால்வரும் ஸ்ட்ரேக்கின் கடைக்குப் போனோம். சுரங்கக்காரர்கள் வாரச் சாமான் வாங்கும் நேரம், கால் வைக்க இடமில்லை.

"வாங்க கேப்டன்," என்றார் ஸ்ட்ரேக். "நான் என்ன கல்நெஞ்சக்காரனா? இருபத்தஞ்சு குடுங்க, மறந்துடறேன்."

"இருபதுக்கு எறங்குவாரு," என்று நான் கிசுகிசுத்தேன். ஏலக்கடை ரத்தம் சும்மா இருக்குமா?

"நான் வாங்க வரல, விக்கவும் வரல," என்றார் கேப்டன். விற்பனைக்கு வைத்திருந்த பித்தளை விளக்குத்தண்டு ஒன்றை இழுத்து, காலுறையிலிருந்து எடுத்த குச்சியை அதில் செருகி, ஸ்ட்ரேக்கின் முன்னால் வைத்தார். "உங்க மெழுகுவத்தி. ஏத்துங்க. எரிஞ்சா ஐம்பதும் தர்றேன், கப்பல வித்து."

கடை காலியானது. மாவு வாங்கியவன் மாவை விட்டான். மீதிச் சில்லறையை விடவில்லை. எல்லாரும் தெருவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே நாங்கள் நால்வரும் ஸ்ட்ரேக்கும்தான்.

அவர் சிரித்தார். சுரங்கத்துக்கு விற்கிறவருக்குத் தெரியாதா, வெடியைத் தூண்டும் முனை செருகாமல் அது பெரும்பாலும் வெடிக்காது என்று. அந்தப் 'பெரும்பாலும்' மேல்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஜேபஸ் தொப்பியைக் கழற்றினான், ஆனால் நகரவில்லை. ஸ்ட்ரேக் தீக்குச்சியைக் கிழித்து முனையில் வைத்தார். சீறிக்கொண்டு பற்றியது. வெடிக்கவில்லை.

"பாத்தீங்கல்ல? எரியுது. மெழுகுவத்தின்னா எரியத்தான் செய்யும்."

"எரியுதுங்க," என்றாள் ஆனர் பாஸ்கோ. "இத்தனை வருஷமா மெழுகுவத்தி விக்கறீங்க. ஏத்தறதுக்கு முன்னாடி திரி எங்கன்னு தேடவே இல்லையே?"

ஸ்ட்ரேக் தண்டைப் பார்த்தார். ஒரு இரவெல்லாம் எரிய வேண்டிய கனமுள்ள குச்சி, அவர் பார்வை இறங்குவதற்குள் அடிவரை போய்விட்டது. ஒரு சொட்டு மெழுகுகூட வழியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நூறு சுரங்கக்காரர்கள். அந்தச் சுடரை அவர்களுக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒருவன் மட்டும் நிதானமாகக் கதவைத் திறந்து, "ஐயா, எனக்கும் அதுல ஒரு டஜன், மெழுகுவத்தி விலைக்கே," என்றான்.

ஸ்ட்ரேக் எங்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு?" என்றார். அவர் வாயிலிருந்து முதல்முறையாக நேர்மையான ஒரு வார்த்தை.

"எழுது," என்றார் கேப்டன் என்னிடம். அங்கேயே, அவருடைய தாளில், அவருடைய மையில் எழுதினேன். கடலில் போன சரக்குக்கு நாங்கள் தர வேண்டியது, சட்டப்படி ஒன்றுமில்லை. அபராதம் ஐந்நூறு பவுண்டு அரசாங்கத்தின் பாடு. துறைமுக அதிகாரியிடம் சொல்லத்தான் போகிறோம், அதில் பேரம் கிடையாது. எங்களுக்கு வர வேண்டியது, கூலி வித்தியாசம் பத்துப் பவுண்டு. நெருப்பில் கொட்டிய பட்டாணி சூப், மூன்று ஷில்லிங்.

"இன்னொரு வரி," என்றார் கேப்டன். "ஜேபஸ் டிரெவினக் குடிகாரன்னு சொன்னதுக்கு. அதுல பாதி என் கணக்கு. தொகைய நீயே சொல்லுப்பா."

ஜேபஸ் கழற்றிய தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டான். "யோசிச்சு சொல்றேன்," என்றான்.

பத்துப் பவுண்டு மூன்று ஷில்லிங் திங்கட்கிழமையே வந்துவிட்டது. அந்தத் தாள் இப்போது 'ஆர்பெல்லா'வின் அடுக்களைச் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. ஜேபஸ் சில நாள் பென்சில் முனையை நாக்கில் ஈரம் செய்துகொண்டு அதன் முன்னால் வந்து நிற்பான், பார்ப்பான், மறுபடி உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விடுவான். கேப்டன் அந்தப் பக்கம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகிறார். கூலி, சூப் என்ற இரண்டு வரிக்கு எதிரே தொகையும் 'வரவு' என்ற என் கையெழுத்தும் இருக்கின்றன. ஜேபஸின் வரிக்கு எதிரே ஒன்றுமில்லை. அடியில் கூட்டல் கோட்டை நான் இன்னும் இழுக்கவில்லை.