மேஜைமேல் நின்ற கிரேனின் வலது பின்கால்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தலையில் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். யார் தலை என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துச் சொன்னது உண்டு, முழுதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால்.

கிரேன்களைப் பரிசோதித்து, இது தூக்கலாம், இது தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அதனால் வீட்டிலும் வெளியிலும் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர் நின்றுவிட்டது. ஆள் கறார். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். விரிசல் விட்ட எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. ஒருமுறை வீட்டில் தேநீர்க் கோப்பையில் மயிரிழை விரிசலைப் பார்த்து, அதை மேஜை டிராயரில் பூட்டி வைத்துவிட்டார். கோப்பை இன்னும் அங்கேதான் இருக்கிறது, தேநீரோடு.

இன்ஸ்பெக்டருக்குக் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி. அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். டயரில் ஓடி, வேண்டிய இடத்தில் நின்று, நாலு பக்கமும் காலை நீட்டி ஊன்றிக்கொண்டு தூக்குகிற பெரிய கிரேன். அதைக் கட்டின மனைவியைவிட நன்றாகக் கவனித்துக்கொண்டார் என்று அக்காவே சொல்வாள், குறையாக அல்ல, தகவலாக. அந்தக் கிரேனைப் பரிசோதிக்க ஒருநாள் இன்ஸ்பெக்டர் போக வேண்டி வந்தது. வலது பின்காலின் வெல்டிங்கில் ஒரு விரிசல். அத்தான் குனிந்து பார்த்தார். இது பெயின்ட் உரிந்த கோடு, விரிசல் உன் கண்ணில்தான் என்று வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒரு சிவப்பு அட்டையை எடுத்துக் கதவில் கட்டினார். சிவப்பு அட்டை தொங்கினால் கிரேன் ஒரு துரும்பைக்கூடத் தூக்கக் கூடாது. கம்பெனி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டது.

அன்றிலிருந்து அத்தான் இன்ஸ்பெக்டரிடம் நேராகப் பேசுவதில்லை. பேசாமலும் இருப்பதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவார். "சாப்பிட்டாச்சான்னு கேளு" என்று சுவரிடம் சொல்வார். "ஆச்சுன்னு சொல்லு" என்று இன்ஸ்பெக்டரும் அதே சுவரிடம் சொல்வார். பல வருஷம் இப்படியே ஓடியதில் அந்தச் சுவருக்குக் குடும்ப விஷயம் அத்தனையும் தெரிந்துவிட்டது. வெள்ளையடிக்க வந்தவர் அதன் பக்கத்தில் போனதும் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும் அத்தான் பின்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அரத்தால் ராவுகிற சத்தமும் உளி போடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. வெளியே வந்தபோது கையில் அந்தக் கிரேன் இருந்தது. அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. முழங்கை நீளம்.

அந்த ஊரில் மாடல் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் ஒரு பல் டாக்டர். பொய்ப்பல் கட்டுகிற பிசினில் கப்பல் செய்வார். சங்கத்தின் கண்காட்சியில் ஒரு மாடலை வைக்க வேண்டுமானால், அசலை நேரில் அறிந்த ஒருவர் வந்து, அது அசலைப் போலவே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தக் கிரேனை அடியிலிருந்து நுனிவரை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அதைச் செய்தவர். அவரே தனக்கு மார்க் போட்டுக்கொள்ள முடியாது.

அக்கா போன் செய்தாள்.

"வா. பாரு. நல்லா இருக்குன்னு சொல்லு. போ. குறைன்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா, இந்த வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. ஒருதடவ அந்த மனுஷன் கிரேன நீ பிடுங்கிட்ட. இதையும் பிடுங்கினா நான் உன் அக்கா இல்ல."

போன இடமெல்லாம் குறை கண்டுபிடித்ததில், காபி கொடுத்து உட்காரச் சொல்கிற வீடு அது ஒன்றுதான் இன்ஸ்பெக்டருக்கு மிச்சம் இருந்தது. அன்று ராத்திரி அவர் கண்ணாடி முன் நின்று "நல்லா இருக்கு" என்று சொல்லிப் பழகினார். வார்த்தை தொண்டையிலேயே நின்றது. இருமினால்தான் வெளியே வந்தது.

மறுநாள் காலை போனார். பழக்க தோஷம், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் கையில் பெட்டியும் இருந்தன. சாப்பாட்டு மேஜைமேல் கிரேன் நின்றது. அத்தான் சுவரோரம் நின்றார். பல் டாக்டர் வாயைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியோடு வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மேஜையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு பெட்டியிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்து, கிரேனின் கை சுழலும் தூரத்துக்கு நாலு நாற்காலிகளை இணைத்துக் கட்டி, ஆட்கள் எல்லோரும் நாடாவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார்.

"தொட்டில்ல போட்டப்பவே இப்படித்தான்" என்றாள் அக்கா, பல் டாக்டரிடம். "கயித்த ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் தூங்குவான்."

இன்ஸ்பெக்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முன்பக்க இடது டயர் உள்பக்கம் தேய்ந்திருந்தது; அசலும் அப்படித்தான், வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும். ஓட்டுநர் இருக்கையில் அத்தானின் உட்காரும் பாகத்துக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு பள்ளம் விழுந்திருந்தது. ஹாரனை ஊசிமுனையால் அழுத்தினால் கொசு கொட்டாவி விட்டதுபோல ஒரு சத்தம். என்ஜின் அசலைப் போலவே இரண்டு தடவை மக்கர் செய்து மூன்றாவது தடவைதான் பிடித்தது. பிடித்ததும் கடுகளவு கறுப்புப் புகை மேலே போய்த் திரண்டு நின்றது. அடியில் சொட்டிய எண்ணெயைத் துடைக்க இண்டு இடுக்கில் ஒரு அழுக்குத் துணிகூட இருந்தது. அதை மோந்து பார்த்த பல் டாக்டர் மூன்று தடவை தும்மினார். அதில் கிரேன் அசையவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். இதோடு நிறுத்தியிருந்தால் மனுஷன் காபி குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் தூக்கிப் பார்க்காமல் ஒரு கிரேனைப் பார்த்ததாக எப்படிச் சொல்வது?

நாலு கால்களையும் நீட்டி ஊன்றச் சொன்னார். கையை முழுசாக நீட்டச் சொன்னார். அது நீண்டு நீண்டு மின்விசிறியின் பக்கம் போய் நின்றது. கேபினுக்குள் ஒட்டியிருந்த எடைப் பட்டியலை லென்ஸ் வைத்துப் படித்தார். இந்த நீளத்தில் அசல் தூக்கலாம் என்று போட்டிருந்த எடையை மாடலுக்குக் கணக்குப் போட்டால், அக்கா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தின் எடை வந்தது. அக்கா அதைக் கழற்றிக் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அத்தான் கொக்கியில் மாட்டினார். சாவிக்கொத்து ஆடாமல் அலுங்காமல் மேலே போனது.

அப்போது ஒரு ஈ வந்து சாவிக்கொத்தின்மேல் உட்கார்ந்தது.

உடனே கேபினுக்குள் எச்சரிக்கை மணி அடித்தது. எடை கூடிவிட்டது, இனித் தூக்கமாட்டேன் என்று கிரேன் பாதியில் நின்றுவிட்டது. பல் டாக்டர் கைக்குட்டையால் ஈயை விரட்டினார், மணி நின்றது. ஈ ஒரு சுற்று சுற்றி மறுபடியும் வந்தது; மணி அடித்தது. மூன்றாவது தடவை அது கொஞ்சம் வேகமாக வந்து இறங்கியது. வலது பின்காலில் டிக் என்று ஒரு சத்தம்.

மெல்லிய சத்தம்தான். அக்காவுக்கும் பல் டாக்டருக்கும் கேட்கவேயில்லை. இன்ஸ்பெக்டருக்குக் கேட்டது. துறைமுகத்தில், அந்தப் பெரிய கிரேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது கேட்ட அதே சத்தம். நிமிர்ந்து பார்த்தார். அத்தானுக்கும் கேட்டிருந்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. ஆடவேண்டிய ஈ சாவிக்கொத்தில் உட்கார்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா வாசப்படியைப் பார்த்தாள். ஒருமுறை இருமி, "நல்லா" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. கை தானாகப் பெட்டிக்குள் போய்விட்டது.

விரிசல் பார்க்க ஒரு வழி உண்டு. சந்தேகமான இடத்தில் சிவப்பு மையைத் தடவி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி அடிக்க வேண்டும். நல்ல இரும்பானால் வெள்ளையாகவே இருக்கும். விரிசல் இருந்தால், உள்ளே போன மை கசிந்து சிவப்புக் கோடாக எழும். இன்ஸ்பெக்டர் தன் புருவத்தில் ஒரு முடியைப் பிடுங்கி, மையில் தோய்த்து, வலது பின்காலில் தடவினார். துடைத்தார். பொடியை ஊதினார். பல் டாக்டர் சின்னக் கண்ணாடியைக் காலுக்கு அடியில் பிடித்தார்.

கோடு எழுந்தது. மூலையில் தொடங்கி, பாதியில் ஒரு இடத்தில் மேலே ஒடிந்து திரும்பியது. அன்று துறைமுகத்தில் எழுந்த கோடும் அதே மூலையில் தொடங்கி, அதே இடத்தில் ஒடிந்துதான் திரும்பியது.

"என்னடா அது?" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். "விரிசல், அக்கா" என்றார்.

வாசல் பக்கம் நீண்ட அக்காவின் கை பாதியிலேயே நின்றது, இன்ஸ்பெக்டர் அத்தானைப் பார்த்துக் கேட்டுவிட்டதால். "இது எப்படி வந்துச்சு, அத்தான்?"

அத்தான் சுவரைப் பார்த்தார். சுவரும் பேசாமல் இருந்தது. "அசல்ல என்ன இருந்துச்சோ அதெல்லாம் இருக்கணும்னு சங்கத்துல விதி" என்றார். "ஊசிய வச்சு நான்தான் கீறினேன். ரெண்டு கால் வீணாப் போச்சு, அந்த வளைவு சரியா வரல. மூணாவதுலதான் வந்துச்சு."

அக்கா நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"அப்போ அது பெயின்ட் இல்ல."

"இல்ல."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்" என்றார் அத்தான். "அத்தன பேரு நின்னுட்டு இருந்தானுங்க. பொண்டாட்டியோட தம்பி வந்து என் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு குறை சொன்னா, நான் என்னன்னு சொல்றது?"

அக்கா இன்ஸ்பெக்டரை நோக்கித் திரும்பவில்லை. இத்தனை வருஷமாகத் தன் தம்பியைச் சுவரோடு பேசவைத்தது, அதற்குத் தானும் பக்கவாத்தியம் வாசித்தது எல்லாவற்றையும் அடிக்குரலில் ஒன்று விடாமல் அத்தானிடம் சொன்னாள். சங்கதிகள் பல, இங்கே வேண்டாம். பல் டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர் தன் வாயை மட்டும் திறக்கவில்லை. அக்கா மூச்சு வாங்கிய இடைவெளியில்தான் தீர்ப்பு என்ன எழுத வேண்டும் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"மாடல்னு பாத்தா முழு மார்க்" என்றார் இன்ஸ்பெக்டர். "கிரேன்னு பாத்தா சிவப்பு அட்டை."

"ரெண்டுல எத எழுதறது?"

"ரெண்டையும் எழுதுங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

அத்தான் சட்டைப் பையில் கை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அரிசியைவிடச் சின்னதாக ஒரு சிவப்பு அட்டை. நுனியில் நூல்கூடக் கோத்திருந்தது. இன்ஸ்பெக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். அதில் அவருடைய கையெழுத்து, வால் சுழியோடு, இருபத்தைந்தில் ஒரு பங்கு.

அத்தான் சுவரிலிருந்து பார்வையை எடுத்தார். கழுத்து அந்தப் பக்கம் திரும்பிப் பழகிவிட்டதால் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் திரும்பினார்.

"கடைசியா அந்த வண்டிய பாத்தப்போ கதவுல இது தொங்கிட்டு இருந்துச்சு, மச்சான்" என்றார், நேராக இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து. "இது இல்லாம மாடல் முடியாது. நானே கட்டிக்கிட்டா சரியா இருக்காது. கையெழுத்து சரியா இருக்கான்னு மட்டும் பாரு."

சுழி கொஞ்சம் பெரிது என்று சொல்ல இன்ஸ்பெக்டரின் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். பல் டாக்டரின் சின்ன இடுக்கியை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிரேனின் கதவில் அட்டையைக் கட்டினார். அத்தான் என்ஜினை அணைத்தார். ஈயும் போய்விட்டது.

காபி வந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்காமல் உட்கார்ந்தார். அத்தானுக்கும் காபி வந்தது, ஆனால் "ஆறிடப் போகுது, குடிக்கச் சொல்லு" என்று அக்கா சுவரிடம்தான் சொன்னாள். சுவருக்கு அதெல்லாம் பழக்கம்தான்.

கண்காட்சியில் அந்தக் கிரேனுக்கு முதல் பரிசு. இன்றும் அக்கா வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு அட்டையோடு நிற்கிறது. இன்ஸ்பெக்டர் வாராவாரம் போய், அத்தானோடு உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு வருகிறார்.

இன்ஸ்பெக்டர் அவருடைய அம்மா அப்பாவுக்கு ஒரே பிள்ளை; அவருக்குக் கூடப்பிறந்த அக்காவே கிடையாது. இதுவும் சத்தியம்.