பட்டியலில் இல்லாத வைரவன்

1996 செப்டம்பர் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை, ராஸ் அல் கைமா கல்குவாரிகளுக்குத் தெற்கே நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருந்தவர்கள் வருமாறு: கதவை ஒட்டிய கீழ்க்கட்டிலில் கௌஸ் முகம்மது, வெங்காயம் உரித்தபடி. அவருக்கு மேல்கட்டிலில் ராக்கப்பன், காலைத் தொங்கப்போட்டு. கேஸ் சிலிண்டர்மேல் பலகை போட்டு அம்மையப்பன், மடியில் ரைட்டிங் பேடுடன். சீலிங்குக்கு ஒரு சாண் கீழே, காற்றில், மல்லாந்து வைரவன். வைரவனுக்கு அது ஒன்பதாவது மாதம்.

கேரவன் பதினாறடி நீளம், ஏழடி அகலம். ரோடு அளக்கும் கம்பெனிக்குச் சொந்தமானது. வேலை நகர நகர, இரண்டு மாதத்துக்கொரு முறை லாரி வந்து அதை அடுத்த சைட்டுக்கு இழுத்துப் போகும். மூன்று பேர் ஆறு வருடமாக அதற்குள் சமைத்து, உறங்கி, தொழுது, கும்பிட்டு வந்தார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம் அம்மையப்பன் எழுதிய பட்டியல். துவரங்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் மார்ஜின் போட்டு எழுதப் பழகியவர் அவர். அரிசி டின்னுக்குள் சொம்பு, சொம்புக்குள் டம்ளர், டம்ளருக்குள் சீரகப் பொட்டலம் என்று நூற்றுப்பன்னிரண்டு வரிகள் எழுதிக் கதவின் பின்பக்கம் ஒட்டியிருந்தார். கௌஸ் முகம்மதின் தொழுகைப் பாயும், முருகன் படமும், மூன்று ஆட்களும்கூட அதில் இருந்தார்கள். வலது சுவரை ஒட்டி ஆறடி நீளத்துக்கு மூன்று அட்டைப்பெட்டிகள். லீவில் ஊருக்குப் போகும்போது கொண்டுபோக அவரவர் மூன்று வருடமாகச் சேர்த்தவை. கம்பளி, டார்ச், டாங் ஜூஸ்பொடி டப்பா, சோப்பு, சேலைத்துணி. மஞ்சள் கயிற்றால் கட்டி மார்க்கரில் பெயர் எழுதியிருந்தது. பட்டியலில் இருக்கும் பொருள் எந்தக் குண்டு குழியிலும் அசையாது. இல்லாத பொருளுக்கு கேரவனில் இடம் கிடையாது. ராக்கப்பன் ஒருமுறை எழுதாமல் வாங்கி வைத்த வாளி, வைத்த இடத்திலிருந்து கிளம்பி சீலிங்கில் போய் ஒட்டிக்கொண்டது. நூற்றுப்பதின்மூன்றாவது வரியாக எழுதியதும் இறங்கி வந்தது. அதன்பிறகு எதை வாங்கினாலும் எழுதிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

ஜனவரியில் வைரவன் வந்தான். ராக்கப்பனின் பெண்டாட்டி வழியில் மச்சான். அவன் கம்பெனியை மூடிவிட்டு, விசா கொடுத்த முதலாளியான கஃபீல் காணாமல் போயிருந்தார். பாஸ்போர்ட்டும் அவரோடு போயிற்று. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று உள்ளே காலை வைத்தவன், கால் தரையில் படாமல் மேலே போனான். இறக்கிவிட ஒரு வரி போதும். ஆனால் ஒவ்வொரு இடமாற்றத்தின்போதும் கம்பெனி ஆட்களை மேற்பார்க்கும் கேம்ப் பாஸ் வந்து பட்டியலில் உள்ள பெயர்களை லேபர் கார்டோடு ஒத்துப்பார்ப்பார். அவர் தலையை உயர்த்தி மேலே பார்த்ததே இல்லை; பட்டியலை மட்டும் எழுத்துக் கூட்டாத குறையாகப் படிப்பார். கார்டு இல்லாத பெயரை அம்மையப்பன் எழுதவில்லை. பிப்ரவரியில் வைரவன் கதவருகே காற்று வாங்கப் போய் வெளியே மிதந்து கிளம்பிவிட்டான். கௌஸ் முகம்மது குதிகாலைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார். அன்றிலிருந்து கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தார்கள். சோற்றைக் கிண்ணத்தில் நீட்டினார்கள். மாதாமாதம் அவன் ஒரு விரற்கடை உயர்ந்தான்.

ஆகஸ்டில் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. காகிதம் இல்லாதவர்கள் தண்டனையின்றி ஊர் போகலாம்; இனி கேம்ப் பாஸ் பெயரைப் படித்தாலும் பயமில்லை. ஆள் யார் என்று காட்ட ரேஷன் கார்டு நகல் வந்தால் போதும் என்றார்கள். அம்மையப்பன் அன்றே வைரவனின் மனைவி அருணாவுக்கு, அனுப்புநர் இடத்தில் தன் பெயரைப் போட்டு, விவரமாக எழுதினார். பதில் முந்தின நாள், வியாழக்கிழமை, கம்பெனி ஆபீஸ் வழியாக வந்தது. "நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது மாதமாக அவர் கையெழுத்து வரவில்லை. செத்துப்போனதாகப் பேசுகிறார்கள். ஐப்பசி பிறந்தால் தாலியைக் கழற்றச் சொல்லி மாமனார் வீட்டில் நாள் குறித்திருக்கிறார்கள். இருக்கிறார் என்றால் அவரே எழுதட்டும். கார்டை யாரோ ஒருவருக்கு நான் அனுப்ப மாட்டேன்."

மன்னிப்பு முடிய ஏழு வாரம் இருந்தது. வைரவன் பேனாவை வாங்கி, பேடை வயிற்றில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து எழுதிப் பார்த்தான். எடையில்லாத கையிலிருந்து தாளில் எதுவும் விழவில்லை. பென்சிலிலும் பார்த்தாயிற்று.

"நா செத்துட்டேன்னே இருக்கட்டும்ணே" என்றான் மேலேயிருந்து.

"வாயக் கழுவு" என்றான் ராக்கப்பன். "அண்ணே, அந்த ஒரு வரிய எழுதித் தொலைங்களேன். நாலு எழுத்துப் பேரு. கை தேஞ்சா போயிரும்?"

"எழுதுறது பெருசில்லப்பா" என்றார் அம்மையப்பன். "எங்கன்னு எழுதுறது? ஆளுக்கு ஆறடி வேணும். ஒரு விரல் நுழைய இடமில்லாம அடுக்கி வச்சிருக்கேனே." இதைச் சொல்லும்போது அவர் குரலில் எப்போதும் இருக்கும் பெருமை அன்றைக்கு இல்லை.

ஆறடி எங்கே இருக்கிறது என்று நால்வருக்கும் தெரியும். யாரும் வலது சுவரைப் பார்க்கவில்லை. கௌஸ் முகம்மதின் பெட்டியில் மகள் ரம்ஸியாவின் நிக்காஹுக்கு எடுத்த துணி இருந்தது. அவர் கத்தியைத் துடைத்து, பட்டியலில் சொன்ன இடத்தில் வைத்தார்.

"அடிங்கப்பா, அம்மையப்பா. எம்பேருல இருக்குற பொட்டிய மொதல்ல பட்டியல்லேருந்து அடிங்க. துணி இல்லாட்டி நிக்காஹ் நிக்காது, நாள் தள்ளும். அந்தப் புள்ளைக்கித் தள்ள நாளில்ல."

"பாய், நல்லா யோசிச்சுக்கிருங்க."

"ஒம்போது மாசம் யோசிச்சது பத்தாதாக்கும்?"

அம்மையப்பன் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார். கௌஸ் முகம்மதின் பெட்டி கிளம்பியது. ராக்கப்பனின் வரியை அடித்தார். பெட்டி நகர்ந்ததும் ராக்கப்பன் தன்னை அறியாமல் பாய்ந்து கயிற்றைப் பிடித்தான். அது அவனையும் சேர்த்து ஒரு முழம் தூக்கியது.

"விட்றா" என்றார் கௌஸ் முகம்மது. "உன்னய எறக்க இன்னொரு பொட்டிய எங்க தேடுறது?"

விட்டான். மூன்றாவதாக அம்மையப்பன் தன் வரியை அடித்தார்; கோடு மட்டும் சற்றுக் கோணியது. பிறகு நீலமையில் எழுதினார்: வைரவன், 1, வலது சுவரோரம். வைரவன் பெட்டிகளுக்கிடையே நிதானமாக இறங்கி, எழுதிய இடத்தில் வந்து படுத்தான். தரை முதுகில் பட்டதும், "வலிக்குதுண்ணே" என்று சொல்லி அழுதான். கொஞ்ச நேரம் அழவிட்டார்கள். பிறகு அம்மையப்பன் பேடை நீட்டி, அனுப்புநர் முகவரியை இடப்பக்கம் எழுதச் சொன்னார். வைரவன் தன் பெயரையும் கேரவன் எண்ணையும் அழுத்தி எழுதினான். மை அடுத்த தாளிலும் பதிந்தது. "அன்புள்ள அருணாவுக்கு, உயிருடன் இருக்கும் வைரவன் எழுதுவது" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினான். மற்றவர்கள் படிக்கவில்லை.

பதினொரு மணிக்குத் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. வாரத்தில் அது ஒன்றுதான் டவுனுக்குப் போகும் வண்டி. ராக்கப்பன் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கவரை ஒட்டினான். வைரவன் தானே கொடுக்க வேண்டும் என்று விரும்பியதால், பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாகக் கதவை முழுதாகத் திறந்தார்கள். அவன் படியில் காலை வைத்து, பின் மணலில் வைத்து, நடந்துபோய்க் கவரை டிரைவர் கையில் கொடுத்தான். அவன் தலைக்குமேல் மூன்று பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி, பெயர் எழுதிய பக்கம் கீழே தெரியும்படி மலைப்பக்கம் உயர்ந்தன.

டிரைவர் அண்ணாந்து பார்த்து, யாருடைய சாமான் என்று இந்தியில் கேட்டான். "கிஸ்கா சாமான் ஹை, பாய்?"

"கலாஸ், அத விடு" என்றார் கௌஸ் முகம்மது. "லெட்டர், லெட்டர். இன்னிக்கே, ஆஜ் ஹீ, போஸ்ட் கர்னா."

டிரைவர் கவரைக் கண்ணாடிக்குக் கீழே வெயில் படாமல் செருகி, அச்சா என்று சொல்லி, வண்டியைத் திருப்பினான்.