சூளையில் சுட்ட எலும்பு

கிட்ட வாங்க கண்ணுகளா, நெருங்கி உட்காருங்க. பீங்கான் தட்டுக்குப் பேர்போன இத்தாலி ஊர் ஃபயென்சாவில் ஒருவன் காலைத் தொலைத்த கதையைச் சொல்கிறேன்.

குதிரைப் பந்தயக்காரன் லெயார்கோ, குடிவெறியில் தன் போட்டிக்காரன் தெசியோவின் குதிரையைக் கண்ணிலேயே சவுக்கால் விளாசினான். தெசியோ லாயத்துக் கதவின் இரும்புத்தடியை உருவி, லெயார்கோவின் முழங்காலுக்குக் கீழே ஒரே போடு போட்டான். எலும்பு சில்லுச்சில்லாகச் சதையைக் கிழித்து வெளியே வந்தது. சில்லுகளைப் பொறுக்கியெடுத்தது போக எலும்பின் நடுவில் பள்ளம். மருத்துவர்கள் உலோகத் தகடு பொருத்தி, பள்ளத்தில் பீங்கான் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். சொந்த எலும்பு வளர வளர, பீங்கான் கரைந்து இடம் கொடுத்துவிடும்.

அந்தத் துண்டைச் சூளையில் சுட்டவள் லெயார்கோவின் மனைவி நிவேஸ்தான். எலும்புக்குப் பீங்கான் செய்கிற பட்டறையில்தான் அவளுக்கு வேலை.

“யோவ், அது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். எலும்பு ஊறிப் பிடிக்கிறவரைக்கும் வெறும் ரஸ்க்குதான். ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டே, கால் போயிடும்.”

“போடி! எங்க கொள்ளுத்தாத்தா செஞ்ச பீங்கான் தட்டு இன்னும் சுவத்துல தொங்குது, ஒரு கீறல் இல்ல. அந்தத் தெசியோ நாயை உதைச்சாத்தான் எனக்கு ஒயின் தொண்டையில இறங்கும்.”

“இன்னொரு கால் சும்மாதானே இருக்கு? அதால உதை!”

கேட்டானா? பந்தயத் திருவிழாவன்று, ஊரே மைதானத்தில் இருக்க, தெசியோ தனியாக இருந்த லாயத்துக்கு நொண்டிக்கொண்டே போனான். அதே இரும்புத்தடியை உருவினான். முதல் அடியிலேயே தெசியோவின் தோளெலும்பு நொறுங்கியது. அடுத்த அடியில் பல் தெறித்தது. வைக்கோலெல்லாம் ரத்தம். விழுந்தவன் விலாவில், வெறி தீராமல், பீங்கான் வைத்த காலாலேயே ஓங்கி உதைத்தான்.

காலுக்குள்ளே தட்டு உடைகிற சத்தம். அந்த ஊரில் அதைத் தெரியாதவர் யார்? தகடு வளைந்து தோலைக் கிழித்து எட்டிப் பார்த்தது. தெசியோ பக்கத்திலேயே அலறி விழுந்தான் லெயார்கோ.

தெசியோ நல்ல கையால் தடியை எட்டிப் பிடித்தான்.

“அடிடா!” என்றான் லெயார்கோ.

“எதை அடிக்க? உன் காலை நீயே உடைச்சுக்கிட்டே, எனக்கு என்னத்த மிச்சம் வெச்சிருக்கே?” வாயில் ரத்தத்தோடு சொல்லிவிட்டுத் தடியை வீசினான் தெசியோ.

காயம் சீழ்பிடித்தது. லெயார்கோவின் காலை முழங்காலோடு எடுத்தார்கள். நிவேஸ் மறுநாளே பட்டறைக்குப் போய், தெசியோவின் தோளுக்கு ஒரு துண்டு சுட்டாள். அதை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புருஷனுக்குச் சுட இனி ஒன்றுமில்லை.

உங்க வீட்டில் உலை கொதிக்கட்டும், கோபம் கொதிக்காமல் இருக்கட்டும். எல்லாரும் சொந்தக் காலில் நடந்து நல்லபடியாக வீடு வந்து சேருங்கள், என் செல்வங்களே.